தொட்டுக் கும்பிட்ட லைற்றுகள்

எங்கள் மின்வேலைத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு, போன மாதம் இரண்டு இளம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்கு எழுத்து வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பிள்ளையின் போனில் செய்தி ஒன்று வந்தது. அவன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"ஐயா, நாங்கள் பூட்டின சதுர லைற்றிலை ஏதோ பிழையாம். கழட்டித் திருப்பி அனுப்பச் சொல்லிக் கொம்பனி அறிவிச்சிருக்கு. உங்கடை காலத்திலை உப்பிடி எல்லாம் நடந்ததோ?"

"எத்தினை கடையிலை பூட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"கொஞ்சக் கடை. நாளைக்குப் போய்ப் பார்ப்பம்."

"நாளைக்கோ?"

நான் எழும்பிவிட்டேன். அவர்கள் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை முடிக்கக்கூட நான் விடவில்லை. இப்பவே போய் மெயினை நிற்பாட்டச் சொல்லுங்கோ, தொடவேண்டாம் என்று சொல்லுங்கோ, போன் இருக்குத்தானே, எடுத்துச் சொல்லுங்கோ என்று வாசல்வரை துரத்திக் கலைத்துக்கொண்டு போனேன். "ஐயா பயப்பிடுறார்" என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான். நான் பயந்த ஆள். கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன், அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து பார்ப்பேன். கறண்ட் வேலைக்கு இப்படி ஒருவன் எப்படி வந்தான் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஏன் துடித்தேன் என்பதைச் சொல்லவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில் மின்சாரச் சாமான் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்தேன். முதலில் கூட்டினேன், பெட்டி கட்டினேன், பிறகு ஏணி பிடித்தேன், பிறகு ஏணியில் ஏறினேன். என் படிப்பு அவ்வளவுதான். விற்பதோடு பூட்டிக் கொடுப்பதும் எங்கள் கடையின் பொறுப்பு. பூட்டும் வேலைக்கு ஃபோர்மன் மரியதாஸ் அண்ணை. குருநகர் ஆள். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் கடலுக்குப் பயந்து கறண்டுக்கு வந்தவர் என்று தன்னைத்தானே நையாண்டி பண்ணுவார்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் லைற்றைப் பார்க்கமாட்டார். மெயின் எங்கே என்று கேட்பார். பியூஸ் கட்டையைக் கழற்றுவார், அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைச் சேட்டுப் பையில் போடுவார், பை வாயின் பொத்தான் தெறியைப் பூட்டுவார். மேசையில் வைக்கமாட்டார், என் கையிலும் தரமாட்டார். "மேசையிலை வைச்சால் ஆரும் புண்ணியவான் எடுத்துப் போட்டுவிடுவான்" என்பார். பிறகுதான் ஏணி. ஏறியதும் புறங்கையால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டு, கறண்ட் இருந்தால், விரல்கள் மடங்கிச் சாமானை இறுக்கிப் பிடித்துவிடும். புறங்கை என்றால் உதறித் தள்ளும். பியூஸ் தன் பையிலேயே இருந்தாலும் இதைச் செய்யாமல் விடமாட்டார். வேலை முடிந்ததும் சுவிச்சைத் தான் போடமாட்டார், கடைக்காரரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுவார். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இனிப் பயமில்லைத்தானே?"

"இண்டைக்கு இல்லை" என்பார்.

சிலருக்கு இந்தப் பதில் பிடிக்காது. எனக்கு அதைக் கேட்டால் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். என்றென்றைக்கும் பயமில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இன்றைக்கு இல்லை என்றால் நம்பலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் கொழும்புக் கொம்பனி ஒன்று கடைகளுக்கு என்றே புது ரியூப் லைற் ஒன்றைக் கொண்டுவந்தது. நாலடி நீளத் தகட்டு உடம்பு, இரண்டு முனையிலும் நீல மூடி, கூரையில் இருந்து சங்கிலியில் தொங்கவிடலாம். எங்கள் பழைய கடைகளின் கூரைகள் மிக உயரம். மேலே பூட்டினால் வெளிச்சம் கீழே வராது. இந்த லைற்றைச் சங்கிலியில் இறக்கி மேசைக்கு நேரே தொங்கவிட்டால் பகல்போல இருக்கும். வியாபாரிகள் ஆளுக்கு ஆள் பார்த்து வாங்கினார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் தெருவில் பாதிக் கடையில் நீல மூடிதான்.

அந்தக் கார்த்திகை மாதம், மத்தியான நேரத்தில் கொழும்பில் இருந்து ரங்கோல் வந்தது, அந்தக் காலத்து வெளியூர்ப் போன். லைன் சரியில்லாதபடியால் எங்கள் முதலாளி ஒவ்வொன்றையும் திருப்பிச் சத்தமாகச் சொல்லிக் கேட்டார். அதனால் கடை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. பேசியவர் கொம்பனி எஞ்சினியர். தகட்டில் வயர் நுழையும் ஓட்டையின் விளிம்பு கூராக இருக்கிறது, உள்ளே இருக்கும் சோக் என்ற கம்பிச் சுருள் சூடாகும்போது வயரின் உறை இளகுகிறது, விளிம்பில் உரசி உரசிச் செம்பு தகட்டில் படுகிறது. பட்டால் முழு லைற்றும் கறண்டுதான். நாங்களாகவே சோதித்துக் கண்டுபிடித்தோம், விளிம்பில் ரப்பர் வளையம் போட்ட புதுத் தகடு லொறியில் வருகிறது, எல்லாவற்றையும் கழற்றி மாற்றிக் கொடுங்கள் என்றார். நேர்மையான மனுசன். கடைசியாகச் சொன்னார், உயரத்தில் தொங்கும் சாமான், யாரும் தொடப்போவதில்லை, இரண்டு கிழமைக்குள் ஆறுதலாகச் செய்யுங்கள் என்று.

முதலாளி போனை வைத்துவிட்டு மூச்சு விட்டார். மரியதாஸ் அண்ணையும் ஓமென்று தலையை ஆட்டினார். நான் மட்டும் பாணையும் பருப்பையும் தள்ளி வைத்துவிட்டேன். ஆனால் நான் எதற்குத்தான் பயப்படவில்லை? யாரும் கணக்கெடுக்கவில்லை.

பொழுதுபட்டது. விளக்கு வைக்கும் நேரம். நம்முடைய ஊர்க் கடைகளில் அந்த நேரம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். தெளிக்கிற தண்ணீர் உள் சீமெந்துத் தரைக்கும் கொஞ்சம் வரும். சாம்பிராணி போடுவார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவிச்சைப் போடுவார். வெளிச்சம் வந்ததும் கை எட்டும் உயரத்தில் லைற் இருந்தால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். குத்துவிளக்குக் காலத்துப் பழக்கம் ரியூப் லைற்றுக்கும் வந்துவிட்டது. மேலே உயரத்தில் இருந்த பழைய லைற்றுகளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சங்கிலியில் இறங்கிவந்த இந்த லைற்றுகளைத் தொட்டார்கள்.

எங்கள் முதலாளியும் செருப்பைக் கழற்றினார். சுவிச்சைப் போட்டார். கையை உயர்த்தினார்.

"கையை எடுங்கோ."

மரியதாஸ் அண்ணை அப்படிக் கத்தியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தெருவில் போன ஒருவர் சைக்கிளில் இருந்து இறங்கிவிட்டார். முதலாளியின் கை லைற்றுக்கு ஒரு சாண் கீழே அப்படியே நின்றது.

"என்ன மரியதாஸ்?"

"கையை எடுத்துப்போட்டுப் பின்னாலை வாங்கோ. ஈரத்திலை நிக்கிறியள்."

மூலையில் மாட்டியிருந்த சோதனை பல்பை எடுத்தார். ஒரு ஹோல்டரில் பூட்டிய சாதாரணப் பல்பும் அதில் இருந்து வரும் இரண்டு வயரும்தான் அது. ஒரு வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினார், மற்றதை லைற்றின் தகட்டில் வைத்தார். பல்பு எரிந்தது. மங்கல்தான், ஆனால் எரிந்தது. முதலாளி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கடை மாதா கோயிலிலை மெழுகுதிரி" என்றார் மரியதாஸ் அண்ணை, "தொட்டால் சுடும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் தொடமாட்டினம்." பிறகு தெருப் பக்கம் திரும்பினார். முகம் மாறி, என்னைக் கூப்பிட்டார். "குலம், இந்தத் தெருவிலை இப்ப எத்தினை பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கினம்?"

நாங்கள் இருவரும் ஓடினோம். அவர் இடப்பக்கக் கடைகள், நான் வலப்பக்கக் கடைகள். "தொடாதேங்கோ, லைற்றை நூருங்கோ, அணையுங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சண்டை நடந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் இரண்டு பேர் கத்திக்கொண்டு ஓடினால் என்ன நடக்கும்? ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். முதல் கடை கதவுப் பலகை போட்டது. அடுத்த கடை பலகை போட்டது. "எந்தப் பக்கத்தாலை வாறாங்கள்?" என்று ஒருவர் கேட்டார். "ஆர்?" என்றேன். அவர் பதிலுக்கு நிற்கவில்லை. நான் முனைக்குப் போவதற்கு முன்னமே தெரு முழுக்க லைற்றுகள் நூர்ந்து, கதவுகள் பூட்டி, சனம் சந்து பொந்துகளுக்குள் மறைந்துவிட்டது. நடுத்தெருவில் நானும் மரியதாஸ் அண்ணையும் மட்டும் மூச்சிரைக்க நின்றோம்.

"நாங்கள் நினைச்சதிலும் பார்க்கத் திறமாய் நடந்திட்டுது" என்றார்.

மறுநாள் விடியவே தொடங்கினோம். கழற்றுவது சுகம், கண்டுபிடிப்பதுதான் வேலை. தெரு நீளத்துக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். நீல மூடி தெரிந்தால் உள்ளே போவோம். பின்னேரத்தில் இருவருக்கும் கழுத்துத் திரும்பாது. கடைக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு. விற்ற சாமானைத் திருப்பி எடுக்கும் கடையை ஒருவரும் கண்டதில்லை.

"விலை ஏறிப்போச்சுது. அதுதான் பழையதைப் புடுங்க வந்திருக்கிறியள்" என்றார் கொப்பி, பென்சில் விற்கும் கொப்பிக் கடைக்காரர் ஒருவர்.

"புதுசு சும்மா தாறம் ஐயா."

"சும்மா தாறியளோ? அப்ப இன்னும் பெரிய மோசம் இருக்குது."

மரியதாஸ் அண்ணை வாதாடமாட்டார். பியூஸைக் கழற்றிப் பையில் போடுவார், தெறியைப் பூட்டுவார், லைற்றைக் கீழே இறக்கிக் கடைக்காரரின் மேசையிலேயே பிரித்துக் காட்டுவார். உறை தேய்ந்து செம்பு தெரியும் இடத்தை விரலால் சுட்டுவார். கொப்பிக் கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார், பிறகு எங்கள் இருவருக்கும் சோடா எடுப்பித்தார்.

எனக்கு அந்த நாட்களில் ஒரு விசித்திரமான ஆறுதல் இருந்தது. கறண்ட் அடிக்கடி நிற்கும். நின்றால் ஊர் முழுக்கச் சலித்துக்கொள்ளும், நான் மட்டும் சந்தோஷப்படுவேன். கறண்ட் இல்லாத நேரம் எந்த லைற்றும் யாரையும் ஒன்றும் செய்யாது. திரும்ப வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள், நான் நீல மூடிகளைத் தேடுவேன்.

கார்த்திகைத் தீபத் திருநாளான விளக்கீட்டுக்குள் முடித்துவிடவேண்டும் என்று மரியதாஸ் அண்ணை சொல்லிவிட்டார். அன்றைக்கு வருஷத்தில் ஒரு நாளும் லைற்றைக் கும்பிடாதவனும் கும்பிடுவான். முடித்தும் விட்டோம், இரண்டு இடங்களைத் தவிர. சாவகச்சேரியில் ஒரு கடை. மற்றது வேலுப்பிள்ளையர் என்ற புடைவைக் கடைக்காரருடையது. அவர் எங்கள் தெருவில்தான் கடை வைத்திருந்தார். பட்டினத்தில் ஷெல் விழத் தொடங்கியதும் புடைவையோடு அலுமாரி, கண்ணாடி, லைற் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு சொந்த ஊரான அச்சுவேலிக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் எங்களுக்குச் சொன்னதே விளக்கீட்டன்று மத்தியானம்தான்.

மரியதாஸ் அண்ணை சாவகச்சேரிக்குப் புறப்பட்டார். அச்சுவேலி எனக்கு.

"தனியவோ அண்ணை?"

"பின்னை, பாண்ட் வாத்தியத்தோடையோ?" என்றார். என் சேட்டுப் பையைப் பார்த்தார். அதில் தெறி இல்லை. தன் சேட்டில் குத்தியிருந்த பூட்டூசியைக் கழற்றி என் பையில் குத்திவிட்டார். "முதல் பியூஸ். பிறகு கதை."

புதுத் தகட்டைச் சைக்கிள் கரியரில் நீளப்பாட்டில் கட்டி, சோதனை பல்பைக் கைபிடிக் காண்டிலில் தொங்கவிட்டு மிதித்தேன். மழை விட்டு விட்டுத் தூறியது. கல்வியங்காடு தாண்டும்போது ஒரு தேத்தண்ணிக் கடை றேடியோ பாடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. கறண்ட் போய்விட்டது. நான் சைக்கிளில் இருந்தபடியே கும்பிட்டேன். கோப்பாயில் கறண்ட் இல்லை. நீர்வேலியில் இல்லை. வீட்டு வாசல்களில் வாழைக்குற்றி நட்டுக்கொண்டிருந்தார்கள், அதன் தலையில் சிட்டி வைத்து விளக்கேற்றுவதற்கு. "கறண்ட் வருமோ தம்பி, பட்டினத்திலை இருக்கோ?" என்று ஒரு மனுசி கேட்டா. "வராது அம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். அவ என்னை ஒருமாதிரிப் பார்த்தா.

புத்தூர்ச் சந்தி தாண்டும்போது வானம் மங்கத் தொடங்கியது. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. கறண்ட் மட்டும் இப்போது வந்தால்? சைக்கிள் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. இரண்டு தரமும் இறங்கிக் கொழுவினேன். ஒவ்வொரு மின்கம்பத்தையும் தாண்டும்போது மேலே பார்த்துக்கொண்டு போனேன். எதைப் பார்த்தேன் என்று தெரியாது. கம்பியில் கறண்ட் வருவது கண்ணுக்குத் தெரியுமா என்ன?

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட வேலுப்பிள்ளையரின் கடை. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. சாம்பிராணிப் புகை. வாசல் படியில் சிட்டி விளக்குகள் வரிசையாக, இன்னும் கொளுத்தாமல். உள்ளே, புடைவை வெட்டும் மேசைக்கு மேலே, சங்கிலியில் நீல மூடி. நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலோடு வேலுப்பிள்ளையர் மேசைக்கு முன்னால் நின்றார். சுவிச்சை முன்கூட்டியே போட்டுவிட்டு, கறண்ட் வருமென்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்த லைற்றைக் கழட்டவேணும்" என்றேன், சைக்கிளை விழவிட்டபடி.

"ஆர் காணும் நீர்?"

சொன்னேன். மூச்சு வாங்கியதில் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டேன். சோக், வயர், உறை, கொழும்பு என்று எல்லாம் ஒரே வரியில் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இந்த லைற் பூட்டின நாளிலையிருந்துதான் எனக்கு யாவாரம் ஏறினது. பட்டினத்துக் கடையை விட்டிட்டு வரேக்கை அலுமாரியைக் கூட விட்டிட்டு வரலாம் எண்டு நினைச்சன், இதை விடேல்லை. ராசியான லைற். விளக்கீட்டண்டு கழட்டச் சொல்லுறீர்."

"ஐயா, அதிலை கறண்ட் அடிக்கும்."

"அடிக்காது. நான் நாளாந்தம் தொடுறனான். கொஞ்ச நாளாய்த் தொட்டவுடனை சுரீர் எண்டு ஒண்டு தோள்மூட்டு வரைக்கும் ஏறும். அது கறண்ட் இல்லை."

"பின்னை என்ன ஐயா?"

"சக்தி" என்றார்.

கடையில் துணி அளக்கும் பூமணி அக்கா மேசைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டா. "நான் அண்டைக்கே சொன்னனான் முதலாளி, சக்தி எண்டால் எங்களுக்கும் ஏன் ஏறுது, நாங்கள் என்ன விரதமோ பிடிக்கிறம் எண்டு" என்றா.

"நீ பேசாமல் இரு."

வாதாடத் தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் மரியதாஸ் அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. முதல் பியூஸ், பிறகு கதை. மெயின் எங்கே என்று பார்த்தேன், கதவுக்குப் பின்னால் இருந்தது. கேட்காமல் போய்ப் பியூஸ் கட்டையை இழுத்தெடுத்துப் பையில் போட்டு ஊசியைக் குத்தினேன். அவசரத்தில் ஊசி விரலிலும் ஏறியது.

"டேய், என்ன செய்யிறாய்?" நீர் என்றது போய் நீ ஆகிவிட்டது. "கடைக்குள்ளை வந்து கள்ளன் மாதிரி..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. தெருவில் 'ஓ' என்று சத்தம் எழும்பியது. கறண்ட் வந்துவிட்டது. எதிர்க் கடையில் வெளிச்சம், பக்கத்துக் கடையில் வெளிச்சம், கோயில் பக்கம் ஒலிபெருக்கி பாட்டின் நடுவிலிருந்து பாடத் தொடங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வேலுப்பிள்ளையரின் கடை மட்டும் இருட்டு.

அந்த இருட்டில் அவர் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தினார். தெருவில் வெளிச்சம் வந்ததும் கை தானாகவே எழும்பிவிட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈரத் தரையில் வெறுங்கால். உள்ளங்கை முழுதாக லைற்றின் தகட்டில் பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் தன் கடை எரியவில்லை என்பது உறைத்ததுபோல என்னைப் பார்த்தார்.

என் கை சேட்டுப் பையை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்த அடியில் பீங்கான் கட்டை துள்ளியது போல இருந்தது.

"ஐயா, ஒரு அலவாங்கு இருக்கோ?" என்று கேட்டேன்.

பூமணி அக்கா ஓடிப்போய் அந்த நீள இரும்புக் கடப்பாரையை எடுத்துவந்தா. வாசலுக்கு வெளியே ஈர மண்ணில் அதை ஆழமாக இறக்கினேன், சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். சோதனை பல்பின் ஒரு வயரை அலவாங்கில் சுற்றினேன், மற்றதை லைற்றின் தகட்டில் கொழுவினேன். எல்லாரையும் தெருவில் இறக்கி நிற்கச் சொன்னேன். வேலுப்பிள்ளையர் முறுமுறுத்துக்கொண்டு இறங்கினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, உலர்ந்த பலகை ஒன்றில் நின்று, பியூஸைப் போட்டேன்.

கடை லைற் எரிந்தது. சோதனை பல்பும் எரிந்தது.

எங்கள் கடையில் எரிந்தது போல மங்கலாக அல்ல. இழை வெள்ளையாகத் தெரியும்படி எரிந்தது. உள்ளே வயர் முழுதாகவே தகட்டில் விழுந்துவிட்டிருந்தது.

"இது உங்கடை காலும் கையும் எண்டு நினையுங்கோ ஐயா" என்றேன், அலவாங்கையும் தகட்டையும் காட்டி.

அவர் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பூமணி அக்கா சிரிக்கவில்லை. நான் பியூஸைக் கழற்றிப் பையில் போட்டு ஊசியைக் குத்தினேன். கடை மறுபடி இருண்டது.

வேலுப்பிள்ளையர் படியில் குந்தினார். "கறண்ட் வரமுந்தித்தான் நீர் கழட்டினீர்" என்றார். மறுபடி நீர் வந்துவிட்டது.

"ஓம் ஐயா."

"நான் கையை வைச்சனான்."

"ஓம் ஐயா."

புது லைற்றை உடனே பூட்டித் தருகிறேன் என்றேன். அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். "இண்டைக்கு விளக்கீடு. இண்டைக்கு விளக்கே போதும். விடியப் பூட்டுவம். பியூஸ் உம்மடை பையிலையே இருக்கட்டும், இஞ்சை ஆரின்ரை கையிலையும் குடாதேயும். என்ரை கையிலையும்."

படியில் இருந்த சிட்டிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். இரண்டு தீக்குச்சி இடையில் நூர்ந்துபோயின. தெரு முழுக்க ரியூப் லைற் எரிய, அந்தக் கடை மட்டும் எண்ணெய் விளக்கில் நின்றது. போகிறவர்கள் அதைத்தான் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் உள்ளே ஏறிச் சேலை பார்க்கத் தொடங்கினா. "பார்த்தியே, ராசி லைற்றிலை இல்லை" என்று பூமணி அக்கா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா.

திரும்பி வரும் வழியெல்லாம் வாழைக்குற்றிகளில் விளக்கு. பையில் பியூஸின் கனம். என் வாழ்க்கையில் எந்தப் பூட்டையும் இழுத்துப் பார்க்காமல் நான் படுத்த இரவு அது ஒன்றுதான். சேட்டைக் கழற்றாமலே படுத்தேன்.

விடியற்காலையில் போய்ப் புதுத் தகட்டைப் பூட்டினேன். ரப்பர் வளையத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன், தகட்டில் இருந்து எர்த் வயர் ஒன்று இழுத்து மண்ணில் இறக்கினேன், பியூஸைப் போட்டேன், சோதனை பல்பை வைத்தேன். எரியவில்லை. மறுபடி வைத்தேன், எரியவில்லை. பல்பு பழுதாக இருக்குமோ என்று அதையும் சோதித்தேன். பல்பு நல்லாய்த்தான் இருந்தது.

"ஐயா, சுவிச்சைப் போடுங்கோ."

வேலுப்பிள்ளையர் போட்டார். புடைவைகளின் நிறமெல்லாம் எழும்பி வந்தது. அவர் கை உயர்ந்தது, பாதியில் நின்றது. அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தொடலாமோ தம்பி?"

அந்தக் கேள்விக்கு அதுவரை நான் ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. அது மரியதாஸ் அண்ணையின் வேலை. நான் மேசையில் ஏறி, புறங்கையால் தட்டினேன். ஒரு தரம் போதாது என்று இன்னொரு தரம் தட்டினேன். பிறகு உள்ளங்கையை முழுதாக வைத்தேன். குளிர்ந்த தகடு, அவ்வளவுதான்.

"இண்டைக்குத் தொடலாம் ஐயா" என்றேன்.

அவர் மெல்ல எட்டித் தொட்டார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நெற்றி சுருங்கியது.

"ஒண்டும் தெரியேல்லையே" என்றார். குரலில் ஒரு குறை இருந்தது.

"அதுதான் ஐயா வேணும்" என்றேன்.

அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு மேசையில் இருந்து இறங்கினேன்.